செங்குத்தான ஏற்றத்துக்குக் குறைந்த செலவில் டர்ட் பைக்: எதை எடுக்கலாம்?

புழுதிப்பிரியன்:
வணக்கம். சாலையில் பல வருடங்களாக ஓட்டுகிறேன், மண்ணில் பழக்கம் குறைவு. நான் ஓட்டப்போகிற இடம் முழுக்க மேடு. உதிரிக் கல், மரவேர், மழை பெய்தால் வழுக்கும் களிமண். உயரம் 168 செ.மீ., எடை 70 கிலோ. புதிய பைக் வாங்க வசதியில்லை. இப்போது இரண்டு பழைய பைக் கண்ணில் பட்டிருக்கின்றன. ஒன்று 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் (மண் தடத்தில் தாவித் தாவி ஓட்டும் பந்தயம்) ரேஸ் பைக், பார்த்தாலே ஆசை வருகிறது. இன்னொன்று ஹோண்டா சிஆர்எஃப்230எஃப், கொஞ்சம் அசமந்தமாகத் தெரிகிறது. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏற்றம் என்றால் பவர் வேண்டுமே, அதனால் ரேஸ் பைக் பக்கம் மனசு சாய்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

முதல்கியர்:
தம்பி, 230-ஐ எடுங்கள். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஏற்றத்தில் பைக் பெரும்பாலும் பவர் பத்தாமல் நிற்பதில்லை, பின்சக்கரம் பிடிமானம் இழந்துதான் நிற்கிறது. ரேஸ் இன்ஜின் தன் பவரையெல்லாம் மேல் ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் வேகமாகச் சுழலும்போதுதான், வைத்திருக்கும். மெதுவாகப் போனால் அணைந்துவிடப் பார்க்கும், முறுக்கினால் ஒரேயடியாகப் பாயும். உதிரிக் கல்லில் அப்படிப் பாய்ந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே குழி தோண்டும், இல்லையென்றால் முன்சக்கரம் மேலே கிளம்பும். 230-இல் இருப்பது காற்றில் குளிரும் 223 சிசி இன்ஜின். கீழ் ஆர்பிஎம்மிலேயே இழுக்கும். முதல் கியரில் நடக்கிற வேகத்தில் பொறுமையாக ஏறலாம். யமஹா டிடிஆர்230-உம் இதே ரகம்தான், அதே 223 சிசி, ஆறு கியர். கிடைத்தால் அதையும் பாருங்கள்.

இன்ஜினைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஏற முடியாமல் பாதி மேட்டில் நிற்பீர்களே, அந்த நேரம். புதிதாக ஓட்டுபவருக்கு அது நடந்தே தீரும். முன் பிரேக்கை மட்டும் பிடித்தால் பைக் நிற்காது. எடை முழுக்கப் பின்பக்கம் சாய்ந்திருப்பதால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டு அப்படியே பின்னால் சறுக்கும். வலது காலைத் தரையில் ஊன்றிவிட்டால் பின் பிரேக்கை மிதிக்கவும் வழியில்லை. அப்போது கியரை மாற்றாமல் இன்ஜினை அணையவிட்டு, கிளட்ச்சை முழுதாக விட்டுவிடுங்கள். சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் எதிர்ப்பு (கம்ப்ரஷன்) பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மூச்சு வாங்கிக்கொண்டு, கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து விட்டு, முன் பிரேக்கின் துணையோடு பின்னால் இறக்கி, பைக்கைக் குறுக்கே திருப்ப வேண்டும்.

இத்தனையும் செய்யக் கால் தரையில் எட்ட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். 230-இன் சீட் உயரம் 87 செ.மீ. பக்கம். முழு அளவு மோட்டோகிராஸ் பைக் 95-ஐத் தாண்டும். சமதரையிலேயே உங்கள் உயரத்துக்கு நுனிவிரல்தான் எட்டும், சரிவில் பள்ளத்துப் பக்கக் கால் காற்றில்தான் இருக்கும். அப்புறம், 230-இல் செல்ஃப் ஸ்டார்ட். நீங்கள் பார்த்த ரேஸ் பைக்கில் கிக்கர் (காலால் உதைத்து ஸ்டார்ட் செய்வது) மட்டும் என்றால் யோசியுங்கள்: கிக்கர் வலப்பக்கம் இருக்கும், பள்ளமும் வலப்பக்கம் அமைந்தால் எங்கே நின்று உதைப்பீர்கள்?

பராமரிப்பு இன்னொரு தலைவலி. மோட்டோகிராஸ் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஓடிய மணிநேரம்தான் கணக்கு. பிஸ்டன் மாற்றும் வேளை, வால்வு இடைவெளி பார்க்கும் வேளை எல்லாம் சீக்கிரமே வந்துவிடும். மலிவாக விற்பனைக்கு வரும் ரேஸ் 250 என்றாலே இன்ஜின் வேலை நெருங்கிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்தான்.

230-இல் குறையே இல்லையா? இருக்கிறது. எரிபொருளோடு 113 கிலோ, ரேஸ் பைக்கைவிடக் கனம். சஸ்பென்ஷன் மெத்தென்று இருக்கும், பெரிய தாவலில் முழுக்க அமுங்கி அடி தட்டும். நீங்கள் தாவப்போவதில்லை, ஏறப்போகிறீர்கள்.

ப்ரீமிக்ஸ்:
முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டூ ஸ்ட்ரோக்கை மறந்துவிட்டீர்களே அண்ணே! ஆஸ்திரியாவில் எர்ஸ்பெர்க் இரும்புச் சுரங்கத்தில் 1995 முதல் நடக்கும் பந்தயத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் வீரர் கிரஹாம் ஜார்விஸ் அங்கே ஜெயித்ததெல்லாம் 300 சிசி டூ ஸ்ட்ரோக்கில்தான். எடை குறைவு, கீழேயும் இழுவை உண்டு, டாப் எண்ட் (பிஸ்டன், சிலிண்டர்) வேலையை வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

முதல்கியர்:
300 அருமையான பைக், மறுக்கவே மாட்டேன். ஆனால் தம்பி கேட்ட செலவுக்குள் நல்ல நிலையில் 300 சிக்குவது கஷ்டம். அந்தச் செலவுக்கு வருவது 125 டூ ஸ்ட்ரோக்தான். அதில் கீழே இழுவை கிடையாது, மேட்டில் கிளட்ச்சைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏறியவன் இறங்கவும் வேண்டுமே. டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கிங் குறைவு, நீள இறக்கத்தில் புதியவருக்குப் பிரேக்கைத் தவிர வேறு துணையில்லை. ஜார்விஸ் கையில் இருக்கும் பைக்கும் நம் கையில் இருக்கும் பைக்கும் ஒன்றா?

புழுதிப்பிரியன்:
சரி அண்ணே, 230-ஐயே பார்க்கப் போகிறேன். பழைய பைக்கில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? வாங்கிய பிறகு ஏற்றத்துக்காக ஏதாவது மாற்ற வேண்டுமா?

முதல்கியர்:
போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய இன்ஜின் ஸ்டார்ட் ஆகத் திணறுவது தெரியாமலிருக்க முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கலாம். ஆறும்வரை பேசிக்கொண்டிருங்கள், பிறகு நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது, விட்டுவிடலாம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதற்கு உள்பக்கம் இருக்கும் ரப்பர் குழாயில் விரலை விட்டுத் துடையுங்கள். விரலில் புழுதி ஒட்டினால் அதே புழுதி சிலிண்டருக்குள்ளும் போயிருக்கிறது. பைக்கை ஸ்டாண்டில் தூக்கி, பின்சக்கரத்தை மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். கடகடவென்றால் ஸ்விங்ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை), லிங்கேஜ் (அதைப் பின் ஷாக்குடன் இணைக்கும் பாகம்) பேரிங் போயிருக்கும். ஃபோர்க்கில் ஆயில் கசிவு, ஃபுட்பெக் பக்கம் ஃபிரேமில் விரிசல், ஸ்ப்ராக்கெட் பல் ஒரு பக்கமாக வளைந்து தேய்ந்திருப்பது, இவை கண்ணுக்கே தெரியும். பெயிண்ட் உரிந்திருப்பது, பிளாஸ்டிக் உடைந்திருப்பது பற்றிக் கவலை வேண்டாம், பேரம் பேச உதவும்.

மாற்ற வேண்டியது என்றால் முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்). 13 பல் இருந்தால் 12 போடுங்கள். பின்னால் 50 பல் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 3.85-இலிருந்து 4.17 ஆகும், முதல் கியரில் கிட்டத்தட்ட 8 சதவீதம் இழுவை கூடும். அதே பலனுக்குப் பின்னால் 4 பல் கூட்ட வேண்டும், செயினும் நீளமாக வேண்டியிருக்கும். முன்பக்கம் மாற்றுவதுதான் மலிவு.

அடுத்தது டயர். மிச்சக் காசையெல்லாம் நல்ல பின் டயரில் போடுங்கள். காற்று 12 முதல் 14 பிஎஸ்ஐ போதும், அடிபாகம் பரந்து கல்லைப் பிடிக்கும். ஆனால் ரிம் லாக் (டயரை ரிம்மோடு அழுத்திப் பிடிக்கும் பூட்டு) இல்லாமல் காற்றைக் குறைக்காதீர்கள். டயர் ரிம்மில் நழுவினால் டியூபின் வால்வு பிய்ந்துவிடும்.

ப்ரீமிக்ஸ்:
இடம் எவ்வளவு உயரம் என்றும் பாருங்கள் நண்பரே. 230-இல் கார்புரேட்டர்தான். ஒவ்வொரு 300 மீட்டருக்கும் சுமார் 3 சதவீதம் பவர் குறையும், பெட்ரோல் கலவையும் அடர்த்தியாகும். ரொம்ப மேலே போய் இன்ஜின் திணறினால் சின்ன மெயின் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு) போட வேண்டும். 2019-இல் வந்த சிஆர்எஃப்250எஃப்-இல் ஃபியூயல் இன்ஜெக்ஷன், ஜெட் மாற்றும் தொல்லை கிடையாது.

புழுதிப்பிரியன்:
அடிவாரமே 1,500 மீட்டர்.

முதல்கியர்:
அப்படியானால் அந்தப் பக்கத்திலேயே ஓடின பைக்கா என்று விற்பவரிடம் கேளுங்கள். ஆம் என்றால் ஜெட் ஏற்கனவே மாற்றியிருப்பார்.