"எங்க நாட்டு முறை இதுதான்" என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா? அனுபவங்களைப் பகிருங்கள்

பாண்டி டீச்சர், முத்தியால்பேட்டை:

பதினாறு வருடமாக வீட்டிலேயே பிரெஞ்சு ட்யூஷன் எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் கல்யாணம் நிச்சயமான பெண்கள். மாப்பிள்ளை சொல்தா வீடு. (வெளியூர்க்காரர்களுக்காக: பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய குடும்பங்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். 1962-ல், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் புதுச்சேரி அதிகாரபூர்வமாக இந்தியாவிடம் வந்தபோது, எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துகொண்டவர்கள் உண்டு. அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் இங்கிருந்தே பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள்.)

கல்யாணமாகி பிரான்சுக்குப் போகிற பெண் குடியேற்ற ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்துப் போட வேண்டும். மொழி மட்டும் போதாது. அந்தக் குடியரசின் விழுமியங்கள் என்னென்ன என்று வகுப்பில் உட்கார வைத்துச் சொல்லித் தருவார்கள். அதற்கும் நான்தான் கொஞ்சம் தயார் செய்து அனுப்புவேன்.

அரியாங்குப்பத்துப் பெண் ஒருத்தி. பி.காம். முடித்தவள், வயது இருபத்து நாலு. மதத்தையும் அரசையும் பிரித்த 1905 சட்டத்தைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கிவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், அங்க பொட்டு வெச்சிக்கலாமா?"

அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மத அடையாளத்தை எடுப்பாகப் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று 2004-ல் சட்டம் வந்தது, அரசு ஊழியருக்கு வேலை நேரத்தில் கட்டுப்பாடு உண்டு, தெருவில் நடக்கிற உனக்கு ஒன்றும் இல்லை என்று விளக்கினேன். சமாதானம் ஆகவில்லை. "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்கன்னா, அப்புறம் எதுக்கு டீச்சர் நமக்கு இதை வகுப்பு வெச்சு சொல்றாங்க?" என்றாள். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை.

போய் ஏழெட்டு மாதம் கழித்து போன் செய்தாள். புருஷன் அவள் பாஸ்போர்ட்டையும் பேங்க் கார்டையும் தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்திருக்கிறான். அடி உதை எதுவும் கிடையாது. "நம்ம வீட்டுல அப்படித்தானே" என்று அவளும் இருந்திருக்கிறாள். அந்தக் குடியேற்ற வகுப்பில், ஆணும் பெண்ணும் சமம் என்ற பாடத்தின்போது, மனைவி தன் பேரில் கணக்குத் தொடங்கலாம், யார் அனுமதியும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மறுநாளே போய்த் தொடங்கிவிட்டாள். "நீங்க நடத்தினப்ப இது பரீட்சைக்குன்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பொட்டைப் பற்றிக் கேட்டபோது வந்த கோபமும் போகவில்லை, இந்த நன்றியும் பொய் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரான்சிலேயே கல்யாணமான பெண் புருஷன் சம்மதம் இல்லாமல் பேங்க் கணக்குத் தொடங்கும் உரிமை 1965-ல்தான் சட்டமானது. என் அம்மாவுக்கு அப்போது பதினெட்டு வயது. ஆதிகாலம் முதல் தங்களிடம் இருந்த ஒன்றை நமக்குத் தருவதுபோல் அவர்கள் பேசுவதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அவர்கள் வீட்டுப் பெண்களும் சண்டை போட்டு வாங்கியதுதான் அது.

ஒரு நாடு தன் விழுமியத்தை அடுத்த பண்பாட்டுக்குக் கொண்டுபோகலாமா? வாதம் வேண்டாம். உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

—

ஈஸ்வரன் கோயில் தெரு:

எங்க தாத்தா சம்பா கோயில் (அது இப்ப மாதா கோயில்) பக்கம் போனாலே ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் நடப்பார். ஏன்னு சின்ன வயசுல தெரியாது. 1748-ல இங்கிலீஷ்காரன் ஊரை முற்றுகை போட்டிருந்த நேரத்துல, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே ஆட்சியில, அங்க இருந்த வேதபுரீஸ்வரர் கோயிலை இடிச்சாங்க. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்புல அதை எழுதி வெச்சிருக்கார். அவர் அந்த துய்ப்ளேகிட்டயே துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவர்.

"எங்க முறை உசந்தது"ன்னு ஒருத்தன் பீரங்கியோட வந்து சொன்னா என்ன ஆகும்னு எங்க தெருவுக்குத் தெரியும். என் அனுபவம் அவ்வளவுதான்.

—

பாண்டி டீச்சர்:

உங்கள் தாத்தா நின்ற இடத்தில் இனிமேல் நானும் நிற்பேன். அது ராஜா காலத்துப் பிரான்ஸ், 1789 புரட்சிக்கு முந்தியது என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். புரட்சி நடந்த பிறகும் இங்கே நிலைமை என்ன? 1873-ல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வக்கீல் காலில் ஷூ போட்டுக்கொண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் போனார். தமிழன் ஷூவோடு உள்ளே வரக் கூடாது என்று தண்டித்தார்கள். அவர் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போனார், ஜெயித்தார். சமத்துவம் என்று சுவரில் எழுதி வைத்தவர்களிடமே போய் "எழுதினீர்களே, எனக்கு எங்கே?" என்று கேட்டிருக்கிறார். அவரைப் போன்றவர்கள் கேட்டுக் கேட்டுத்தான் 1881-ல் ஆணை வந்தது. சொந்த சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறந்தால் பிரெஞ்சு சிவில் சட்டம், புதுக் குடும்பப் பெயர். அப்படித் துறந்தவர்களின் வழிவந்தவர்களுக்கு இன்றைக்கும் கல்யாணம், சொத்துப் பிரிவினை எல்லாம் இதே ஊரில் அந்தச் சட்டப்படிதான்.

துறந்தால்தான் சமத்துவம் என்றது எனக்கு வலிக்கிறது. ஆனால் துறந்தவர்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் நிறையப் பேர். துறக்க அவர்களுக்கு என்ன மிச்சம் இருந்தது என்றும் யோசிக்கிறேன்.

—

தேவனாம்பட்டினத்தான், கடலூர்:

டீச்சர், நான் எழுதுறேன். சுனாமி வந்தப்ப எனக்குப் பத்தொன்பது வயசு, காலேஜ்ல இங்கிலீஷ் படிச்சிட்டிருந்தேன். வெளிநாட்டு உதவிக் குழுவுக்கு மொழிபெயர்க்க ஆள் வேணும்னு ஊர்ல என்னைத்தான் கைகாட்டினாங்க.

அந்தக் குழுவுல ஒரு வெள்ளைக்கார அம்மா. நல்லவங்க. எங்க கூட மண்ணுல உக்காந்து சாப்பிட்டாங்க. படகு குடுக்கறதுக்கு முந்தி ஊர்க்கூட்டம் வேணும், அதுல பொம்பளைங்க சரிபாதி இருக்கணும்னாங்க. எங்க ஊர்ல கூட்டம்னா கோயில் வாசல்ல ஆம்பளைங்கதான். நாட்டார் (எங்க ஊர்த் தலைவர்) சொன்னதை நான் அப்படியே இங்கிலீஷ்ல சொன்னேன்: "கடலுக்குப் போறவன்தான் பேசுவான், அது எங்க கட்டு." அந்த அம்மா யோசிச்சிட்டு, "அப்படின்னா படகு லிஸ்ட் எழுத முடியாது"ன்னாங்க.

இதை நான் தமிழ்ல சொல்லணும். எங்க பெரியப்பா முன்னாடி உக்காந்திருக்கார், கடல்ல மகனைக் குடுத்தவர். வாய் வரல. சொன்னேன். கூட்டமே அமைதியாயிடுச்சு. பெரியப்பா எழுந்து, "பொணத்துக்கு நடுவுல நிக்கிறோம், இப்பவா?"ன்னு மட்டும் கேட்டுட்டு நடந்தார். அதை நான் மொழிபெயர்க்கல. இன்னைக்கும் அது என்னை அறுக்குது.

மறுநாள் பொம்பளைங்க வந்தாங்க, ஓரமா உக்காந்தாங்க. ஒருத்தரும் வாய் திறக்கல. லிஸ்ட் எழுதினாங்க, ஃபைபர் படகு வந்துச்சு. இதுதான் விழுமியம்னா எனக்கு வேணாம்னு அப்ப நெனச்சேன். பசிக்கிறவன்கிட்ட சோத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு பாடம் நடத்துனா, அவன் தலையாட்டுறது சோத்துக்குத்தான்.

ஆனா எங்க அம்மாவைப் பத்தியும் சொல்லணும். அவங்க கூடைக்காரம்மா. ஏலத்துல மீன் எடுத்து, கூடையைத் தூக்கிட்டு பஸ்ஸு ஏறி திருப்பாப்புலியூர்ல விப்பாங்க. வட்டிக்காரன்கிட்ட காலையில வாங்கின பணத்தை சாயங்காலமே வட்டியோட குடுத்துடணும். கூட்டத்துல ஓரமா உக்காந்த அந்தப் பொம்பளைங்க, குழு ஊரை விட்டுப் போனப்புறம் தாங்களாவே மாசாமாசம் கூடினாங்க. ஆளுக்கு இருபது ரூபா. வட்டிக்காரன் தொல்லை கொறஞ்சுது. யாரும் மிரட்டல, யாரும் பார்க்க வரல.

அந்த வெள்ளைக்கார அம்மா செஞ்சது தப்புதான்னு இன்னும் சொல்றேன். அவங்க வராம இருந்திருந்தா எங்க அம்மா அந்த வாசல்ல உக்காந்திருப்பாங்களான்னு கேட்டா, அதுக்கும் இல்லைன்னுதான் சொல்லணும்.

—

கெஸ்ட் ஹவுஸ் வெச்சிருக்கேன், பாண்டி:

போன மார்கழியில், இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரெயுனியோனிலிருந்து ஒரு பெரியவர் வந்து தங்கினார். முகம் நம்ம முகம், பேர் பிரெஞ்சுப் பேர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. 1848-ல் அடிமை முறையை ஒழித்த பிரான்ஸ், கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டி நம்ம பாண்டியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றியது. அப்படிப் போனவர் அவருடைய பாட்டனாருக்குப் பாட்டனார். ஞானஸ்நானம், பள்ளி, பேர் எல்லாம் அங்கே மாறியது. ஆனால் வருடம் தவறாமல் தீ மிதிப்பார்களாம். இவரும் மிதித்திருக்கிறார்.

பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்த ஒரு மந்திரம் இருக்கிறது, அர்த்தம் யாருக்கும் தெரியாது என்று ஒரு தாளில் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்திருந்தார். மெதுவாக வாசித்துக் காட்டினார். "காப்பாத்தும்மா, காப்பாத்தும்மா, புள்ளைங்கள காப்பாத்தும்மா." என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டாள்.

—

குறள் வகுப்பு, நெல்லிக்குப்பம்:

எதிர்ப்பக்கத்து அனுபவம் ஒன்று. நாமும் கொண்டுபோகிறோம் அல்லவா? உலகத்துக்கே வழிகாட்டும் நூல் என்று திருக்குறளைப் பிறமொழிப் பெயர்ப்புகளோடு வாங்கி வைத்து, வருகிற வெளிநாட்டவர்க்கெல்லாம் கொடுப்பது என் வழக்கம். ஆரோவில்லில் தங்கியிருந்த ஒரு ஜெர்மன் மாணவி வாங்கிப்போய் இரண்டு வாரத்தில் முழுக்கப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். விருந்தோம்பல், ஈகை, ஒப்புரவு எல்லாவற்றையும் வியந்தாள். பிறகு, மனைவி சொல் கேட்டு நடப்பவனைப் பழிக்கும் 91-ஆம் அதிகாரத்தைப் பிரித்து வைத்து, "பெண் சொல் கேட்பதைப் பற்றி இங்கே சொல்லியிருப்பதையும் நான் ஏற்க வேண்டுமா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் மரியாதைக்குறைவு ஏதும் இல்லை. அக்கால வழக்கு, உரையாசிரியர்கள் கருத்து என்று ஏதேதோ சொல்லத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டேன். "வேண்டாம் அம்மா, நானும் அதை ஏற்கவில்லை" என்றேன். முப்பது ஆண்டுகள் குறள் நடத்தியவன் அதைச் சொன்னது அன்றுதான் முதல்முறை. என்னிடம் படித்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர் அந்த அதிகாரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் நினைவில் வந்தது.

அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, அவனுடைய ஆட்சிக்கு உட்படாத சோழ பாண்டிய நாடுகளிலும் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவம் செய்வித்ததைச் சொல்கிறது. மூலிகை இல்லாத இடங்களுக்கு அவற்றைக் கொண்டுபோய் நட்டார்களாம். பன்னிரண்டாவது கல்வெட்டில், தன் சமயத்தைப் புகழ்வதற்காகப் பிறர் சமயத்தைப் பழிக்காதே என்கிறான். நாடுகள் எதையாவது கொண்டுபோயே தீருமென்றால் இப்படிப் போகட்டும் என்பது என் கருத்து. கடலூர்த் தம்பி சொன்னதைப் படித்த பிறகு அது இன்னும் உறுதிப்பட்டது. படகைக் கொடுத்திருக்க வேண்டும். பேச்சைப் பிறகு வைத்துக்கொண்டிருக்கலாம்.

—

பாண்டி டீச்சர்:

ஐயா, நீங்கள் "நானும் ஏற்கவில்லை" என்று சொன்ன இடத்தை இரண்டு தரம் படித்தேன். அடுத்த வகுப்பில் பெண்களிடம் 1965-ஐயும் சேர்த்தே சொல்லப்போகிறேன். ஷூ வழக்கையும் சொல்வேன். அங்கே போய் யாராவது "இது எங்கள் நாட்டு விழுமியம்" என்றால், அதற்கு எங்கள் ஊர்க்காரரும் வழக்கு நடத்தியிருக்கிறார் என்று இவர்கள் சொல்லட்டும்.

பொட்டுக் கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் கிடைக்கவில்லை. அவளே கண்டுபிடித்துக்கொண்டாள் போலிருக்கிறது. போன பொங்கலுக்கு வந்தபோது பெரிய குங்குமப் பொட்டோடுதான் வந்தாள், அங்கேயும் அப்படித்தானாம். புருஷனும் வந்திருந்தான். பாஸ்போர்ட் அவள் கைப்பையில்.

கடலூர்த் தம்பி, அம்மாவின் சங்கம் இன்னும் நடக்கிறதா? நோட்டு ஏதாவது வைத்திருக்கிறார்களா?

—

தேவனாம்பட்டினத்தான், கடலூர்:

நடக்குது டீச்சர். இப்ப மாசம் நூறு ரூபா. நேத்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் வருசம் பூரா "இன்னார் சம்சாரம்", "இன்னார் சம்சாரம்"னுதான் எழுதியிருக்கு, எழுதினது நான்தான். ரெண்டாவது வருசத்துலேருந்து கையெழுத்து மாறுது, பக்கத்து வீட்டு அக்கா எழுதியிருக்காங்க. அவங்க எல்லாருக்கும் சொந்தப் பேர் போட்டிருக்காங்க. யாரு சொல்லி அப்படி எழுதினீங்கன்னு அம்மாகிட்ட கேட்டேன். "சம்சாரம்னு எழுதுனா ரெண்டு முருகன் வீடு இருக்கு, காசு மாறிப் போவுது"ன்னாங்க.

2011-ல வந்த 'தானே' புயல்ல நனைஞ்சு நாலு பக்கம் ஒட்டிக்கிச்சு. மத்ததை போட்டோ எடுத்து அனுப்புறேன்.