கடையில் கணக்கு வருகிறது, வகுப்பில் வரவில்லை

சாயங்கால வாத்தியார்:
எங்கள் மீனவக் குப்பத்தில் மாலை வகுப்பு எடுக்கிறேன். ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன் பள்ளியில் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் இருக்கிறான். போன ஞாயிறு அவன் அம்மா கடையில் சங்கரா மீன் வாங்கினேன். கிலோ 320, எடை ஒன்றேமுக்கால். நான் போனை எடுப்பதற்குள் “560 சார்” என்றான். எப்படி என்றேன். “ரெண்டு கிலோ 640, கால் கிலோவுக்கு 80 கழிச்சேன்.” இதே பையன் 7/4-ஐ 320ஆல் பெருக்கச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வராததையே குடையாமல், வருவதில் இருந்து தொடங்கலாமே?

பிளஸ்டூ அப்பா:
கேட்க இனிக்கிறது சார். அடுத்த வருஷம் பப்ளிக் பரீட்சை. 35 எடுக்க வேண்டும். வினாத்தாளில் சங்கரா வராது, அல்ஜீப்ரா வரும். ‘உனக்குத் திறமை இருக்கிறது’ என்று தட்டிக்கொடுத்தே ஃபெயிலான பிள்ளைகளை என் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

நெய்தல்காரி:
என் பயம் வேறு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் நினைவிருக்கிறதா? கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்றார்கள். குலக்கல்வி என்று ஊரே கொதித்தது. 1954இல் காமராஜர் வந்ததும் போனது. நான் படித்தபோது ஒரு டீச்சர் என் கைவேகத்தைப் பாராட்டிக்கொண்டே இருப்பார், மீன் வெட்டுவதில். பதினொன்றாம் வகுப்பில் சயின்ஸ் குரூப் கேட்டேன். அதே டீச்சர்தான் “உனக்கு எதற்கம்மா?” என்றார். பாராட்டும் ஒரு பூட்டுதான் சார்.

சாயங்கால வாத்தியார்:
அய்யோ, மீன் விற்பது அவன் திறமை என்று நான் சொல்லவில்லையே. எண்ணை உடைத்துச் சேர்ப்பதுதான் திறமை. 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த பிள்ளைகளிடம் வாடிக்கையாளர் போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். நூற்றுக்கு 98 சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்ணாகத் தாளில் கொடுத்தார்கள். 37தான் சரி.

பிளஸ்டூ அப்பா:
அந்த ஆய்வு என் கட்சியைத்தான் பேசுகிறது. தெருவில் வந்தது தாளுக்குத் தானாக வரவில்லை, இல்லையா? யாராவது கொண்டுவந்து சேர்க்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில், ஒரு பீரியடுக்குள் யார் செய்வது? அது சரி, ரெசிஃபேயில் மொத்தம் எத்தனை பிள்ளைகள்?

சாயங்கால வாத்தியார்:
ஐந்து பேர்தான், ஒத்துக்கொள்கிறேன். வகுப்பில் நேரம் இல்லை என்பதும் உண்மை. எனக்கு மாலையில் ஆறு பிள்ளைகள்தான் என்பதால் செய்ய முடிந்தது. அவன் வாயால் சொன்னதை அப்படியே போர்டில் எழுதினேன்: 320 × 2 − 320 × ¼. “இது நான் சொன்னதா சார்?” என்றான். அப்புறம் 320ஐ அழித்துவிட்டு x போட்டேன். ஒரு நிமிஷம் முறைத்தான், பிறகு எழுதினான். காலாண்டில் 22, அரையாண்டில் 38. வடிவியல் இன்னும் பூஜ்யம்தான், அதற்கு என்னிடம் வழி இல்லை.

பிளஸ்டூ அப்பா:
38ஆ? சரி, அது பாஸ். வடிவியலைத் தினமும் எழுத வையுங்கள், வேறு வழி இல்லை.

நெய்தல்காரி:
சார், இந்த மீன் உதாரணம் வேண்டுமா என்று பையனிடம் கேட்டீர்களா?

சாயங்கால வாத்தியார்:
முதலில் கேட்கவில்லை. நேற்றுதான் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “கடை விஷயத்தைப் பசங்க முன்னாடி சொல்லாதீங்க சார்” என்றான். எனக்குச் சுருக்கென்றது. மீனை எடுத்துவிட்டுப் பெட்ரோல் போடட்டுமா என்றேன். நிமிர்ந்து, “லிட்டர் என்ன விலைன்னு வச்சுக்கணும் சார்?” என்றான்.