டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு மெட்டீரியலை சாஃப்ட் காப்பியாகக் கேட்டபோது: உங்களுக்கு என்ன நடந்தது?

தென்னந்தோப்பு:
பணம் கட்டிச் சேர்ந்த பயிற்சி மையத்தில் எல்லாருக்கும் ஒரு பை நிறையப் புத்தகம் கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள். "சார், எனக்குப் பார்வை கிடையாது, இதையே வேர்ட் ஃபைலாகக் கொடுத்தால், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கேட்டுப் படித்துக்கொள்வேன்" என்றேன். "நாளைக்கே டெலிகிராமில் போய்விடும்மா, யாருக்கும் தருவதில்லை" என்று விட்டார்கள். கெஞ்சிக் கூத்தாடிய பிறகு வாட்ஸப்பில் ஒரு பிடிஎஃப் வந்தது. எல்லாம் ஸ்கேன் செய்த படம். குறுக்கே வாட்டர்மார்க் வேறு. படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் போட்டு ஹெட்போன் மாட்டிக் கேட்டால், தொல்காப்பியத்தின் அதிகாரங்கள் எழுத்து, சொல் என்று வந்து, நடுவில் மையத்தின் பெயர், பத்து இலக்க செல் நம்பர், அப்புறம் பொருள். பக்கத்துக்குப் பக்கம் இப்படித்தான். அன்று ராத்திரி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். தேர்வு ஹாலில் நமக்காகக் கேள்வியை வாசித்து விடையைக் குறிக்கும் ஸ்கிரைப் உண்டு, மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. அந்த ஹாலுக்குப் போய்ச் சேரும்வரை எதைப் படிப்பது?

வைகைக்கரை:
எனக்கு வேர்ட் ஃபைலே கொடுத்தார்கள், அக்கா. சந்தோஷமாகத் திறந்தேன். முதல் வரியிலேயே "ஜே கே பி ஓ செமிகோலன்" என்று வாசித்தது. பாமினி எழுத்துரு. பார்வை உள்ளவர்கள் திரையில் அதைத் 'தமிழ்' என்று பார்ப்பார்கள், ஸ்கிரீன் ரீடருக்கு உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்துதான் தெரியும். மையத்தில் போய்ச் சொன்னால், டைப் அடிக்கிற அண்ணன் கம்ப்யூட்டரில் திறந்து காட்டி, "நல்லாத்தானே தெரியுது" என்கிறார். அவருக்குத் தெரிகிறது! ஸ்கிரீன் ரீடர் தமிழாகவே வாசிக்கிற யூனிகோடுக்கு மாறும்படி தமிழ்நாடு அரசு 2010லேயே சொல்லிவிட்டது. அச்சகமும் டிடிபி கடையும் இன்னும் மாறவில்லை. கடைசியில் எழுத்துரு மாற்றும் மென்பொருளான என்.எச்.எம். கன்வர்ட்டரில் போட்டு மாற்றினேன். ஆண்டுகள், ஆங்கிலச் சொற்கள் எல்லாம் கலந்த பக்கங்களில் அதுவும் குழம்பிவிடுகிறது.

பழைய காசெட்:
எங்கள் காலத்தில் கம்ப்யூட்டரே கிடையாது. ஹாஸ்டல் நண்பன் வாசிப்பான், டேப் ரெக்கார்டரில் பதிவு செய்துகொண்டு கேட்போம். வங்கித் தேர்வுக்கு அப்படித்தான் படித்தேன், வேலையும் வாங்கி ஓய்வும் பெற்றுவிட்டேன்.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் திருத்தம் வந்தது. பிரிவு 52(1)(இசட்பி) என்று குறிப்பிட்டே எழுதுங்கள். மாற்றுத்திறனாளி தன் படிப்புக்காக ஒரு புத்தகத்தைத் தன்னால் படிக்க முடிகிற வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது மீறல் ஆகாது. உங்களுக்காக இன்னொருவர் மாற்றிக் கொடுத்தாலும் மீறல் இல்லை. பார்வையற்றோர் படிக்கும் வடிவில் புத்தகம் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் சர்வதேச உடன்படிக்கைக்கு 2014இல் முதலில் ஒப்புதல் கொடுத்த நாடே நம் நாடுதான். இதெல்லாம் மையத்துக்காரருக்குத் தெரியாது, பயப்படுகிறார். நகல் எடுத்துக் கையில் கொடுங்கள். நம்மைப் போன்றவர்களுக்கான இணைய நூலகம் சுகம்ய புஸ்தகாலயாவில் பதிவு செய்துகொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெயில் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். எல்லாவற்றையும் விட, நன்றாக வாசிக்கிற ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். கோபித்துக்கொண்டு உட்கார்ந்தால் தேர்வு தேதி நமக்காகத் தள்ளிப் போகாது.

மங்கல் எழுத்து:
ஐயா, மன்னியுங்கள். தென்னந்தோப்பு கோபித்துக்கொண்டு உட்காரவில்லை, கட்டிய பணத்துக்கு உரியதைக் கேட்கிறார். வாசிக்க ஆள் பிடிப்பது எல்லாருக்கும் அமையாது. என் ஊரில் வாசித்த தங்கைக்குக் கல்யாணமாகிவிட்டது, என் படிப்பும் அங்கேயே நின்றது.

எனக்குக் குறைபார்வை. பெரிய எழுத்தில் கேட்டேன். புத்தகத்தை அப்படியே ஏ3 தாளில் 141 சதவீதம் பெரிதாக்கி ஜெராக்ஸ் போட்டு, என் செலவில், கையில் கொடுத்தார்கள். மேசையில் விரித்தால் பக்கத்து ஆளின் நோட்டு கீழே விழும். எழுத்தும் சாம்பல் நிறத்தில் கலங்கி, 'ன'வும் 'ண'வும் ஒன்றாகத் தெரியும். பொதுத்தமிழில் அந்த வித்தியாசத்துக்குத்தான் மதிப்பெண்ணே! ஃபைலில் எழுத்தின் அளவை 24 ஆக்கி ஏ4இலேயே பிரிண்ட் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

ஐந்தாவது விடை:
மெட்டீரியல் மட்டும் இல்லை, மாதிரித் தேர்வும் அப்படித்தான். "ஒரிஜினல் எக்ஸாமில்தான் ஸ்கிரைப் கொடுப்பாங்களே, இங்கே எதுக்கு" என்று கேட்டார்கள். 200 கேள்வியை ஒருவர் வாசிக்கக் கேட்டு விடை சொல்வது தனிப் பழக்கம். இப்போது விடைத்தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் ஏ முதல் இ வரை ஐந்து கட்டம். தேர்வு அன்றுதான் முதல்முறையாக ஸ்கிரைப்போடு உட்கார்ந்தேன். நான் "பி" என்றால் அந்தப் பெண் "டியா?" என்கிறாள். "டி" என்றால் "இ-யா?" என்கிறாள். 'இ' என்றால் விடை தெரியவில்லை என்று அர்த்தம்! பாதித் தாள் போன பிறகுதான் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லலாம் என முடிவு செய்தோம். மாதிரித் தேர்வில் ஒரு தடவை உட்கார்ந்திருந்தால் இது முதல் நாளே தீர்ந்திருக்கும். அதற்குமுன் எத்தனை விடை மாறி விழுந்ததோ, இன்றுவரை மனதை அரிக்கிறது.

விரல்:
எனக்குக் கண் தெரியும், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும். "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க" என்று மாதிரித் தேர்வில் கூடுதல் நேரம் மறுத்தார்கள். விகாஷ் குமார் வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் இதே ரைட்டர்ஸ் கிராம்ப் உள்ளவருக்கு ஸ்கிரைப் கொடுக்கச் சொன்னது. 40 சதவீத ஊனம் என்ற சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. தீர்ப்பை பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன். வாங்கி மேசை டிராயரில் வைத்தார்கள், அதோடு சரி.

தென்னந்தோப்பு:
காசெட் ஐயா, நீங்கள் அக்கறையில் சொல்கிறீர்கள், புரிகிறது. அந்தப் பிரிவைப் போட்டுக் கடிதம் ஏற்கெனவே கொடுத்தேன். பிரச்சினை அங்கேதான். நானே மாற்றிக்கொள்ளலாம் என்கிறது சட்டம். 300 பக்கத்தை நான் ஸ்கேன் செய்து, பிழை திருத்தி முடிப்பதற்குள் கூடப் படிக்கிறவர்கள் இரண்டாவது ரிவிஷனில் இருக்கிறார்கள். மையத்தின் கம்ப்யூட்டரிலோ அந்த ஃபைல் தயாராகவே இருக்கிறது. என் பெயரை வாட்டர்மார்க் போட்டே கொடுங்கள், வெளியே போனால் என்னைப் பிடியுங்கள் என்று எழுதிக்கொடுக்கவும் தயார் என்றேன். முதலாளியைக் கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள்.

அதுவரை 9, 10ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடம் யூனிகோடில், பிழை திருத்தியது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். என்னிடம் 6 முதல் 8 வரை சுத்தமாக இருக்கிறது, வேண்டுகிறவர்களுக்கு அனுப்புகிறேன். வைகைக்கரை தம்பி, உன் பாமினி ஃபைலையும் அனுப்பு. ஆண்டுகள் குழம்பிய இடங்களை என் அண்ணன் மகள் பார்த்துத் திருத்தித் தருவாள்.