கடலே இல்லாத ஊர்க்காரர்கள் ஏறிய கப்பல்: உங்கள் அனுபவம் என்ன?

சூரமங்கலம் சமையல்:

2020 ஜூனில் மாலத்தீவிலிருந்து ஜலஷ்வா என்கிற கடற்படைக் கப்பலில் வந்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? ஏழாம் தேதி தூத்துக்குடியில் இறங்கிய 700 பேரில் நானும் ஒருத்தன். ரிசார்ட் கிச்சனில் வேலை. ரிசார்ட்டை மூடினார்கள், சம்பளம் நின்றது, தூதரகத்தில் பெயர் கொடுத்தோம், 40 டாலர் கட்டினோம், ஏறினோம். கொரோனா நேரத்தில் வெளிநாட்டில் மாட்டியவர்களைக் கடற்படை கூட்டிவந்த சமுத்திர சேது கதையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் கேட்க வந்தது வேறு.

படைவீரர்கள் படுக்கிற இடத்தில் எங்களைப் போட்டிருந்தார்கள். மூன்று அடுக்குப் படுக்கை, எனக்கு நடு அடுக்கு. நிமிர்ந்து உட்கார முடியாது. மேலே படுத்திருந்தவர் புரண்டால் அவர் முதுகு என் மூக்குக்கு நேரே தொங்கும். பத்து வருடம் அடுப்படியில் நின்றவன் நான். அன்றைக்குப் பருப்பு வாசனை வந்தாலே குடல் மேலே ஏறியது. பகல் முழுக்க ஒன்றும் இறங்கவில்லை.

ராத்திரி எத்தனை மணி என்று தெரியாது. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண்ணாடி, மாஸ்க், கையுறை போட்ட ஒருவர் வந்து தலைமாட்டில் பிஸ்கட் பாக்கெட் வைத்தார். வேண்டாம் என்று தலையாட்டினேன். குனிந்து மெதுவாகச் சொன்னார்: "தட்டுவடை செட்டுன்னு நெனச்சுக்கிட்டு ஒரு கடி கடிங்க."

அவ்வளவுதான். நான் எழுவதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். நான் அவரிடம் வாயே திறக்கவில்லை. தட்டுவடை செட் எங்கள் சேலத்துப் பலகாரம். நான் சேலம் என்று எப்படித் தெரிந்தது? காலையில் தேடினேன், எல்லாரும் ஒரே வெள்ளை. யார் அவர்?

வாழப்பாடி டிரைவர்:

நண்பரே, உங்களுக்குப் பிஸ்கட்டாவது கிடைத்தது. எங்களை அதே கப்பலிலிருந்து கடலுக்குள் தள்ளிவிட்டார்கள்.

ராணுவத்தில் டிரைவர். 2019 நவம்பர், காக்கிநாடா, அமெரிக்க மரீன்களோடு சேர்ந்து நடந்த டைகர் டிரையம்ப் பயிற்சி. லாரியோடு என்னைக் கொண்டுபோய் ஜலஷ்வாவின் வயிற்றுக்குள் நிற்கிற எல்.சி.எம். என்கிற தரையிறங்கு படகில் ஏற்றிவிட்டார்கள். நாலு சக்கரத்துக்கும் சங்கிலி. கப்பலின் பின்பக்கத்தைத் தாழ்த்திக் கதவைத் திறந்ததும் தண்ணீர் உள்ளே வந்தது பாருங்கள், மேட்டூர் மதகு திறந்த மாதிரி. கப்பலுக்குள்ளே கடல். படகு மிதக்க ஆரம்பித்தது. கியரில் போட்டு ஹேண்ட்பிரேக்கும் இழுத்திருந்தேன், ஆனாலும் வண்டி பக்கவாட்டில் ஆடுகிறது. காலை பிரேக்கில் வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. படகு என் பிரேக்குக்கு நிற்குமா?

கப்பல் கரையேறியதும் முன்கதவு விழுந்தது. கதவு நுனிக்கும் மணலுக்கும் நடுவில் கலங்கிய தண்ணீர், ஒரு பத்தடி இருக்கும். ஆழம் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற கடற்படை ஆளிடம் "எவ்வளவு ஆழம்?" என்று கேட்டேன். அவர் முழங்காலில் கை வைத்துக் காட்டினார். அப்புறம் தண்ணீரை ஒரு தரம் பார்த்துவிட்டுக் கையைத் தொடைக்கு உயர்த்தினார்.

மூன்று வினாடி நின்றுவிட்டேன். பின்னால் ஹாரன், மேலே அதிகாரி சத்தம், கரையில் வெள்ளைக்காரர்கள் வேடிக்கை. அந்த மூன்று வினாடி இன்னும் கனவில் வருகிறது. தண்ணீர் ஆக்ஸில் வரைக்கும்தான் வந்தது, வேறொன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் ஊரில் ஏரிக்கரை ஓடையை வண்டியில் கடந்தாலும் முதலில் இறங்கிக் குச்சி விட்டுப் பார்க்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

மேட்டூர் டீசல்:

டிரைவர் தம்பி, ஒரு திருத்தம். "கப்பல் கரையேறியது" என்று எழுதிவிட்டீர்கள். ஜலஷ்வா கரையேறாது. கரையேறியது உங்கள் எல்.சி.எம். ஜலஷ்வா ஆழமான தண்ணீரில் தள்ளி நின்று, வயிற்றுக்குள் கடலை விட்டு, படகை மிதக்கவிட்டு அனுப்புகிற ரகம். அதனால்தான் பின்பக்கம் தாழ்கிறது. பல்லாஸ்ட் தொட்டிகளில் நீர் ஏற்றுவார்கள். வேலை முடிந்ததும் அந்த நீரை வெளியேற்றி மறுபடி எழும்பும். மூக்கைக் கொண்டுபோய் மணலில் முட்டுகிற ரகம் வேறு. மகர், கரியால், ஷார்துல், கேசரி, ஐராவத் எல்லாம் அந்த ஜாதி. நான் ஓட்டியது அதில் ஒன்று. எது என்று சொல்லமாட்டேன், சேக்காளிகள் எல்லாம் இருக்கிறார்கள்.

நான் இன்ஜின் ஆள். இருபது தடவையாவது பீச்சிங், அதாவது கப்பலை மணலில் ஏற்றுகிற வேலை, பண்ணியிருப்போம், ஒரு தடவைகூட அந்தக் கரையைக் கண்ணால் பார்த்ததில்லை. கீழே எங்களுக்குக் கரை வருவது எப்படித் தெரியும் தெரியுமா? முதலில் மேலிருந்து உத்தரவு, பின்னால் நங்கூரம் இறங்குகிற சங்கிலிச் சத்தம். போகிற வழியிலேயே அதைப் போட்டுவிட்டுத்தான் போவோம், திரும்பி வரும்போது அதைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் கப்பல் மணலிலிருந்து விடுபடணும். அப்புறம் ஒரு உரசல், சாக்குமூட்டையை சிமெண்ட் தரையில் இழுத்த மாதிரி. அப்புறம் இன்ஜின் சூடு ஏற ஆரம்பிக்கும். குளிர்விக்கிற கடல்நீரோடு மணலும் வந்து வடிகட்டி அடைக்கும்.

எனக்கு மறக்காதது ஒரு மதியம். வடிகட்டியைத் திறந்து கூடையை வெளியே எடுத்தால் பாதிக்கு மணல், அதற்கு மேலே சுண்டுவிரல் நகமளவு நண்டு, ஏழெட்டு. ஒன்று உயிரோடு என் ஸ்பேனர் மேலே ஏறி ஓடியது. மேலே நூறு பேர் துப்பாக்கியோடு ஓடுகிறார்கள், ஹெலிகாப்டர் சுற்றுகிறது, போர்ப் பயிற்சி. நான் நண்டை எங்கே விடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடவும் முடியவில்லை, அடுத்த கூடை அடைத்துக்கொண்டது. ஓதம், அதாவது கடல்மட்டம், வேறு இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் அரைமணி தாமதித்திருந்தால் அடுத்த ஓதம் வரைக்கும் அங்கேயே குந்தியிருக்கணும். பின்னால் நங்கூரச் சங்கிலியை இழுக்கிற வின்ச் முக்குகிற சத்தம் எங்கள் தட்டு வரைக்கும் கேட்டது.

சமையல் தம்பிக்கு: நீங்கள் வந்த கப்பலுக்கு ஆள் மீட்கிற வேலை புதுசில்லை. அமெரிக்கர்களிடம் இருந்தபோது அதன் பெயர் டிரென்டன். 1971இல் சேவைக்கு வந்தது. 1991 ஜனவரியில் சோமாலியாவில் சண்டை முற்றியபோது மொகடிஷுவிலிருந்து ஆட்களை ஹெலிகாப்டரில் தூக்க குவாம் என்ற கப்பலோடு போனது. 2006இல் லெபனானிலும் அதே வேலை. 2007இல்தான் நம் கைக்கு வந்தது. நீங்கள் படுத்த நடு அடுக்கில் யார் யார் வாந்தி எடுத்திருப்பார்களோ.

ஏற்காடு காப்பி:

எனக்குக் கப்பல் அனுபவம் பெரிதாக இல்லை. ஒரு தடவை சென்னைத் துறைமுகத்தில் தரையிறங்கு கப்பல் ஒன்றைப் பார்வைக்குத் திறந்திருந்தார்கள், குடும்பத்தோடு போனோம். உள்ளே டாங்கி நிறுத்துகிற தளம் எங்கள் எஸ்டேட் காப்பிக் களத்தைவிடப் பெரிசு. அங்கே ஒரு மாலுமி சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். அதுதான் நினைவிருக்கிறது. டாங்கி நிற்கிற இடத்தில் அயர்ன் மேசை.

நிற்க. வாந்தியைப் பற்றி எல்லாரும் எழுதுகிறீர்கள், ஆனால் யாரும் சரியான முறையைச் சொல்லவில்லை. நான் முப்பது வருடமாக அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவன். பஸ்ஸில் புதிதாக ஏறுகிறவர்களைப் பார்த்தே எந்த வளைவில் ஜன்னலைத் தேடுவார்கள் என்று சொல்லிவிடுவேன், பெரும்பாலும் ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், எண்ணெய்ப் பலகாரத்தோடும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். இஞ்சியைத் தோல் சீவி உப்பு தொட்டுக் கன்னத்தில் அடக்கிக்கொள்ளுங்கள், மெல்லவேண்டாம். எலுமிச்சையை மோந்து பார்ப்பதால் பெரிய பிரயோஜனம் இல்லை, மனசுக்கு ஆறுதல். ஃபோனைப் பார்க்காதீர்கள். தூரத்தில் அசையாத ஒன்றைப் பாருங்கள், மலையில் என்றால் எதிர்ச் சரிவு, கடலில் என்றால் தொடுவானம். கண் ஒன்று சொல்லி, காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு வேறொன்று சொல்வதால்தான் தலை சுற்றுகிறது. கப்பலில் நடுப்பகுதியில், எவ்வளவு கீழே முடியுமோ அவ்வளவு கீழே படுங்கள், ஆட்டம் குறைவு. மாத்திரை போடுவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள், வாந்தி வந்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வரும். காப்பி வேண்டாம், இதை நான் சொல்கிறேன் என்றால் பாருங்கள்.

மேட்டூர் டீசல்:

காப்பிக்காரரே, ஏற்காடு பஸ் வளைவில்தான் ஆடும். மணலில் ஏறவேண்டுமென்பதற்காக எங்கள் கப்பலுக்கு அடிப்பாகம் தட்டை. கடல் கொஞ்சம் கோபித்தாலும் பலகை மாதிரி புரளும், மூன்று நாள் விடாமல். தொடுவானத்தைப் பாருங்கள் என்கிறீர்கள். இன்ஜின் அறையில் ஜன்னல் எங்கே இருக்கிறது? பக்கத்தில் ஒரு வாளி வைத்துக்கொள்வோம், வேலை நடக்கும். அதுதான் முறை.

ஏற்காடு காப்பி:

வாளி முறை ஆகாது சார், அது தோல்வி.

அம்மாபேட்டை அக்கா:

நீங்கள் இரண்டு பேரும் வாளியை விடுங்கள். என் தம்பி கடற்படைதான். எங்கள் தெருவில் தறி ஓட்டாத முதல் பையன். அம்மா உயிரோடு இருந்தபோது ஒரு டிசம்பர் 4, கடற்படை தினத்துக்கு விசாகப்பட்டினம் வரச்சொன்னான். பொக்காரோ எக்ஸ்பிரஸில் போனோம். அம்மா தட்டுவடை ஒரு தூக்கு, கார சட்னி ஒரு பாட்டில், துருவிய பீட்ரூட் கெட்டுவிடும் என்று முழுசாக நாலு, எல்லாம் எடுத்துக்கொண்டார். கப்பல் பையன்களுக்கு செட் போட்டுத் தரணுமாம்.

ஆர்.கே. பீச்சில் கூட்டம் தள்ளுகிறது. ஹெலிகாப்டர், புகை, வெடிச்சத்தம். கடலிலிருந்து படகுகள் நேராக எங்களைப் பார்த்து வந்தன. ஒன்று மணலில் முட்டி, கதவு தொப்பென்று விழுந்து, உள்ளிருந்து ஆட்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். அம்மா மட்டும் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. "இவங்களை எதுக்குடி முதல்ல எறக்கி விடறாங்க? முன்னாடி வர்றவனைத்தானே சுடுவாங்க?" என்று கேட்டார். அவன் படகில் வருகிற ஆள் இல்லை, கப்பலிலேயே இருக்கிற ஆள் என்று அன்றைக்கு ராத்திரி வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினாரே தவிர நம்பவில்லை. கடைசி வரைக்கும் நம்பவில்லை.

மறுநாள் தம்பி வெளியே வந்தபோது பீட்ரூட் துருவி எட்டுப் பேருக்கு செட் போட்டுக் கொடுத்தார். நின்றவர்களில் பஞ்சாபி இருந்தான், ஒடியா இருந்தான். கைவிரலெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டு தின்றார்கள்.

வாழப்பாடி டிரைவர்:

அக்கா, உங்கள் அம்மா கேட்டது சரியான கேள்வி. நாங்களும் கேட்டிருக்கிறோம், சத்தம் வராமல்.

சமையல் நண்பருக்கு ஒன்று. மர்மம் ஒன்றும் இல்லை. தூத்துக்குடியில் இறக்கி மாவட்டவாரியாக பஸ்ஸில் அனுப்பத்தானே போகிறார்கள்? பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சேலம் என்று இருந்திருக்கும். பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பார்.

சூரமங்கலம் சமையல்:

பட்டியலில் சேலம் இருக்கலாம் டிரைவர். தட்டுவடை செட் இருக்குமா? வெளியூர்க்காரன் சேலம் என்றால் மாம்பழம் என்பான். மிஞ்சிப்போனால் ஸ்டீல் பிளான்ட் என்பான். ராத்திரி இருட்டில் வாந்தி எடுத்துக் கிடப்பவனிடம் தட்டுவடை செட் என்று சொல்ல வருகிறதென்றால் அவன் தள்ளுவண்டிப் பக்கத்தில் நின்று தின்றவன்.

அக்கா, உங்கள் தம்பி ஜலஷ்வாவில் இருந்தாரா?

அம்மாபேட்டை அக்கா:

இருந்தான், ஆனால் 2018இலேயே வேறு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த ஜூனில் அவன் அதில் இல்லை. ஆசை காட்டக்கூடாது என்றுதான் முதலிலேயே சொல்லவில்லை.

ஏற்காடு காப்பி:

பீட்ரூட் தின்ற அந்த எட்டுப் பேரில் யாராவது அப்புறமும் அதே கப்பலில் இருந்திருக்கலாமே?

மேட்டூர் டீசல்:

ஒடியா பையன் தமிழில் "நெனச்சுக்கிட்டு" என்பானா?

ஏற்காடு காப்பி:

எட்டுப் பேரும் வடக்கு என்று அக்கா எழுதவில்லையே சார்.

அம்மாபேட்டை அக்கா:

உங்கள் பதிவை அப்படியே தம்பிக்கு அனுப்பினேன். கடலில் இருக்கிறான், சிக்னல் கிடைத்தால்தான் பதில். இன்றைக்குக் காலையில் ஒரே ஒரு வரி வந்தது: "பிஸ்கட்டுக்குக் கீழே ஏதாவது வெச்சிருந்தாங்களான்னு கேளு."

சூரமங்கலம் சமையல்:

அக்கா, இதை நான் இங்கே எழுதவே இல்லை. பாக்கெட்டுக்குக் கீழே காகிதத்தில் மடித்து உப்பு தொட்ட இஞ்சித் துண்டு ஒன்று இருந்தது. தம்பிக்கு எப்படித் தெரியும்?