மறு: க்ளோவருக்கு ‘மூவிலை’ போதுமா?

> டிரைஃபோலியம் என்றாலே மூன்று இலைதானே. ‘மூவிலை’ என்று முடித்துவிடலாம்.

ஐயா, க்ளோவர் (தாவரவியலில் டிரைஃபோலியம்) என்ற தீவனப் பயறுச் செடிக்குத் தமிழில் ‘மூவிலை’ என்று முடித்துவிடலாம்தான், ஆனால் வயலில் அந்தப் பெயர் நிற்காது. நேற்று இங்கே கடலூரில் பால்காரர் மாட்டுக்கு வைத்திருந்த குதிரைமசால் கட்டிலிருந்து ஒரு கொத்தை உருவிப் பார்த்தேன். மூன்று சிற்றிலைகள். முயல்மசாலும் அப்படியே. கொல்லையில் தானாக முளைக்கும் புளியாரை பயறுக் குடும்பமே இல்லை, அதற்கும் மூன்று!

உற்றுப் பார்த்தால் வேறுபாடு உண்டு. குதிரைமசாலில் நடுச் சிற்றிலைக்கு மட்டும் தனியே சிறு காம்பு இருக்கிறது. க்ளோவர்களில் பெரும்பாலும் மூன்றும் ஒரே புள்ளியில் கிளம்புகின்றன. இதைப் பெயரில் ஏற்ற முடியாது. கண்ணில் முதலில் படுவது பூதான்: அவரைப்பூ வடிவச் சிறு பூக்கள் நெருங்கி, ஒரே உருண்டையாக. ஆகவே ‘செண்டுமசால்’ என்கிறேன். தீவனப் பயறுக்கு மசால் என்பது நம் உழவர் வாயில் இருக்கும் சொல்.

நீங்கள் கேட்ட டிரைஃபோலியம் வில்டெனோவி வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குரியது. ஜெர்மன் தாவரவியலாளர் வில்டெனோவின் பெயரைத் தாங்கியது. குறுகி நீண்ட சிற்றிலைகள், விளிம்பில் ஊசிப் பற்கள்; வெண்ணுனியுள்ள ஊதாப் பூக்கள். செண்டுக்கு அடியில் பூவடிச் செதில்கள் ஒன்றாக இணைந்து, கிழிந்த விளிம்புள்ள சக்கரம்போல விரிந்திருக்கும். அதனால் ‘சக்கரச் செண்டுமசால்’. ஆங்கிலத்தில் இதற்கு ஆண் பூனையின் பெயர். அந்தப் பூனையை நாம் சுமக்க வேண்டாம்.

செடியின் விவரத்தைத் தமிழாக்கும்போது ‘நேட்டிவ்’ என்பதற்கு ‘நாட்டு’ போடாதீர்கள். நாட்டுக்கோழி, நாட்டுக்கத்தரி என்று பழகிய காதில் அது நம்மூர்ச் செடியாகிவிடும். ‘இயல்தாவரம்’ எனலாம். ‘ஆனுவல்’ என்பதை ‘ஓராண்டுச் செடி’ என்றால் பன்னிரண்டு மாதமும் நிற்பதாகத் தோன்றுகிறது. முளைத்து, பூத்து, விதைத்து, ஒரே பருவத்தில் காய்ந்துவிடும் செடி இது. பாடநூலின் ‘ஒருபருவத் தாவரம்’ சரியானது.

*

அம்மா, புதுச்சேரியிலிருந்து ஒரு தடை. செண்டு என்றதும் எங்கள் பூக்கடைகளில் செண்டுமல்லியைத்தான் எடுத்து நிறுப்பார்கள். இன்னொன்று: சீட்டுக்கட்டில் இருக்கும் க்ளாவரை மட்டும் விட்டுவைப்போம். பிரெஞ்சில் செடிக்கும் சீட்டுக்கும் ‘த்ரெஃபிள்’ ஒன்றே. நாம் ‘செண்டுமசால் ராணி’ என்று இறக்கினால் ஆட்டம் நின்றுவிடும்.

*

சீட்டை விட்டுவிட்டேன், ஐயா. செண்டுமல்லிக்கு அஞ்ச வேண்டாம். அது மல்லியே இல்லை, யாரும் குழம்பவில்லை. பின்னால் ‘மசால்’ இருக்கும்வரை இதையும் யாரும் மாலையாகக் கட்டப் போவதில்லை.