"முடிஞ்சிரும் சார்": டீம் நடத்தியவர்களின் அனுபவங்கள்

மதுரை இலந்தைக்குளம் பக்கம் ஒரு சின்ன கம்பெனி. ஆஸ்பத்திரி பில்லிங் மென்பொருள். 8 பேர் டீமுக்கு நான் ஸ்க்ரம் மாஸ்டர். (ஸ்க்ரம் என்பது வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து டீமாகச் செய்யும் ஒரு முறை. அது ஒழுங்காக நடக்கப் பார்ப்பவர் ஸ்க்ரம் மாஸ்டர்.) 15 நிமிடத்தில் முடிய வேண்டிய காலை ஸ்டாண்ட்-அப், அதாவது டீம் நின்றபடியே பேசும் கூட்டம், முக்கால் மணி நேரம் ஓடும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், எங்கே தடங்கல் என்று ஒவ்வொருவராகக் கேட்பேன். (இந்த மூன்று கேள்விகளையும் ஸ்க்ரம் வழிகாட்டியின் 2020 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். நான் படித்தது பழையது.) எல்லோரும் என் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். பதிலும் ஒன்றுதான்: "முடிஞ்சிரும் சார்."

அதை நம்பி, சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் கொடுத்துவிடுகிறோம் என்று கிளையண்டிடம் நானே வாக்குக் கொடுத்தேன். டீமில் ஒருவரையும் கேட்கவில்லை. கொடுத்தது திருவிழா முடிந்து 18-ஆம் நாள். "தங்கச்சி கல்யாணத்துக்கு அழகரே லேட்டாத்தான சார் வந்தாரு" என்றான் ஒருவன். கிளையண்ட் சிரிக்கவில்லை.

அந்த வாரம் டீக்கடையில், மீட்டிங்கில் வாயே திறக்காத டெஸ்டிங் பெண் (டெவலப்பர்கள் எழுதியதைச் சோதித்துப் பார்ப்பவர்), வடையைப் பேப்பரில் வைத்து எண்ணெயை அழுத்தி எடுத்துக்கொண்டே சொன்னார்: "முடியாதுன்னு எங்களுக்கு ஒரு மாசம் முன்னாடியே தெரியும் சார். நீங்க கேக்குற கேள்விக்கு வேற என்ன சொல்றது?"

மறுநாள் ஸ்டாண்ட்-அப்பில், ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதி அது நிற்கும் கட்டத்தின் வரிசையில் ஒட்டியிருக்கும் போர்டுக்கு முன்னால் நிற்காமல் எல்லோருக்கும் பின்னால் போய் நின்றேன். போர்டை ஒழுங்காகப் பார்த்ததே அன்றுதான். டெஸ்டிங் வரிசையில் 11 சீட்டு. பார்க்க ஒரே ஆள். அங்கே 3 சீட்டுக்கு மேல் ஒட்டக் கூடாது என்று வைத்தோம். டொயோட்டா தொழிற்சாலையில் கான்பான் அட்டை செய்த வேலையும் இதுதான்: அடுத்த ஆள் கேட்காமல் முந்தைய ஆள் செய்து குவிக்கக் கூடாது. டெவலப்பர்களுக்குக் கோபம். "சும்மா உக்காரச் சொல்றீங்களா?" இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் ஒருவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் மேசைக்குப் போனான். அப்புறம் "முடிஞ்சதா" என்று நான் கேட்பதில்லை. "என்ன மிச்சம் இருக்கு" என்றுதான் கேட்கிறேன்.

---

தம்பி, நான் ஐடி ஆள் இல்லை. எங்கள் தெரு மண்டகப்படியில் அன்னதான வேலை பார்ப்பவன். அங்கே தேதியை நகர்த்த முடியாது, அழகர் நமக்காகக் காத்திருக்க மாட்டார். ஒரு வருடம் சமையல்காரர் பாதி ஆட்களோடு வந்து நின்றார். அப்பா கூட்டு, பொரியல், பாயசம் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, "புளியோதரை, தயிர்சாதம், அவ்வளவுதான்" என்றார். வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். மாமா ஒருவர் மட்டும் இன்றுவரை அந்தப் பாயசத்தைச் சொல்லிக் காட்டுகிறார். உங்கள் ஆபீசில் இதற்கு என்ன பேர்?

---

ஸ்கோப்பைக் குறைப்பது என்போம் அண்ணே. அந்த பில்லிங்கில் ரிப்போர்ட் பக்கம் இரண்டை அப்புறம் தருகிறோம் என்று சொல்லியிருந்தால் தேதிக்கே கொடுத்திருக்கலாம். எனக்குத்தான் அன்றைக்குத் தோன்றவில்லை.