பத்து நிமிடம் சும்மா நிற்பதற்குப் பெயர் நடன வகுப்பா?

தரைவாசி: "மாணவர்களைப் பத்து நிமிடம் சும்மா நிற்கவைத்துவிட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள், கேட்டால் இம்ப்ரோவைசேஷன், அதாவது முன்கூட்டி அமைக்காமல் அந்தந்தக் கணத்தில் ஆடும் நடன, வகுப்பாம்" என்று என் வகுப்பைப் பற்றி நேற்று ஒற்றைக்கால் இங்கே எழுதியிருந்தார். சார், நீங்கள் ஒருமுறையாவது நின்று பார்த்ததுண்டா? கண்ணை மூடி நில்லுங்கள். கணுக்கால் ஓயாமல் ஆடும், எடை குதிகாலுக்கும் விரல்களுக்கும் இடையே போய்வரும். விழாமலிருக்க உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. அமெரிக்க நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் அதைச் 'சிறு நடனம்' என்றே சொன்னார். 1972இல் ஓபர்லின் கல்லூரியில் ஆண்கள் மோதி, விழுந்து, புரண்ட அவருடைய 'மெக்னீசியம்' என்ற நடனம் நின்றபடிதான் முடிந்தது.

ஒற்றைக்கால்: அது ஐந்து நிமிடம். நீங்கள் நிற்கவைப்பது பத்து. பேருந்துக்குக் காத்திருக்கும்போது நானும் தினமும் ஆடுகிறேன் போலிருக்கிறது, பெயர்தான் தெரியாமல் போச்சு.

தாளக்கட்டு: நிற்பதை விடுங்கள். அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் நாணயம் சுண்டிப் பார்த்து ஆடவைத்தாரே, அதுவும் இம்ப்ரோவைசேஷன்தானே?

தரைவாசி: இல்லவே இல்லை. எந்த அசைவுக்குப் பின் எது என்பதைத்தான் நாணயம் முடிவு செய்தது, அதுவும் ஒத்திகைக்கு முன்பே. ஆடியவர்கள் பெரும்பாலும் அதை மனப்பாடம் செய்துதான் மேடையேறினார்கள். அப்புறம், பாக்ஸ்டனே 1960களில் கன்னிங்ஹாம் குழுவில் ஆடியவர்தான். ஆடத் தெரியாமல் போய் நிற்கவில்லை.

ஒற்றைக்கால்: சரி, பத்து நிமிடம் ஏன்? அதைச் சொல்லுங்கள்.

தரைவாசி: முதல் மூன்று நிமிடம் எல்லோரும் நிற்பதுபோல் நடிப்பார்கள். அப்புறம்தான் தோள் இறங்கும், மூச்சு வயிற்றுக்குப் போகும். தன் எடை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் காண்டாக்ட்டில், அதாவது ஒருவர்மேல் ஒருவர் எடையைச் சாய்த்து ஆடும் நடனத்தில், இன்னொருவர் மேல் சாய்ந்தால் இரண்டு பேரும் தரையில்தான். என் மேடை வேலையையும் நான் இப்படி நின்றுதான் தொடங்குகிறேன். இருபது வருடமாக.

பழைய மாணவி: உங்கள் வகுப்பில் நானும் நின்றிருக்கிறேன் சார். எங்களை நிற்கவைத்துவிட்டு நீங்கள் வெளியே போய் போன் பேசினீர்கள்.

தரைவாசி: அது ஒரே ஒரு நாள்மா. தவிர, ஆசிரியர் இல்லாதபோதும் கவனம் நிற்கிறதா என்பதும் பாடம்தான்.

ஒற்றைக்கால்: ஆகா! பத்து நிமிடக் கணக்கு இப்போது புரிந்துவிட்டது.

பழைய மாணவி: பன்னிரண்டு.

தரைவாசி: நின்றே பார்க்காதவருக்கு நான் எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்? கண்ணை மூடி இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வந்து எழுதுங்கள்.

ஒற்றைக்கால்: முதலில் போனை வையுங்கள்.

தாளக்கட்டு: நாணயம் சுண்டினால் அது இம்ப்ரோவைசேஷன்தான். யார் என்ன சொன்னாலும் சரி.